நான் சாமியாராக இருந்த வாரங்கள்

எங்கள் ஊரான திருவண்ணாமலையில் சாமியார் ஆவது ரொம்பச் சுலபம். தாடியை வளரவிட வேண்டும், பேச்சைக் குறைக்க வேண்டும், மலையைச் சுற்ற வேண்டும். மீதியை ஊர் பார்த்துக்கொள்ளும். எண்பதுகளின் தொடக்கத்தில், இருபது வயதில், இந்த மூன்றையும் நான் செய்தேன். எதையும் வேண்டுமென்று செய்யவில்லை. சில வாரங்களில் தேரடிப் பக்கம் என்னைப் பார்த்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட ஆரம்பித்தார்கள். கும்பிட்டவர்களில் ஒருத்தருக்கும் தெரியாது, நான் செத்துப்போவதென்று முடிவு செய்திருந்தவன் என்று. அதை இன்று சாவகாசமாக உட்கார்ந்து எழுத முடிகிறதே என்பது எனக்குப் பெரிய நிம்மதி. அதனால் கொஞ்சம் கிண்டலாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் படுக்கை. நான் அப்போது கலைக்கல்லூரியில் பி.காம். இரண்டாம் வருஷம். ஒரு காலையில் எழுந்திருக்கப் பிடிக்கவில்லை. மறுநாளும் பிடிக்கவில்லை. அப்புறம் பிடிக்கிறதா என்று யோசிக்கவும் தெம்பில்லை. சோறு மண் மாதிரி இருந்தது. யாராவது பேசினால் வாய் அசைவது தெரியும், என்ன சொல்கிறார்கள் என்பது வந்து சேர நேரமாகும். காரணம் என்ன என்று கேட்டால் இன்றைக்கும் என்னிடம் பதில் கிடையாது. தெரு மட்டும் கைவசம் நிறையக் காரணம் வைத்திருந்தது. எதிர்வீட்டில் காதல் தோல்வி என்றார்கள். அப்படி ஒருத்தி இருந்திருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும், எனக்குத்தான் கொடுத்து வைக்கவில்லை. மாடியில் குடியிருந்தவர் பரீட்சை பயம் என்றார். அம்மாவுக்குக் கண்ணேறு என்பதில் சந்தேகமே இல்லை. கையில் கயிறு கட்டினார்கள், பள்ளிவாசலில் ஓதிக் கொடுத்த தண்ணீர் குடித்தேன், தலையைச் சுற்றி மிளகாயும் உப்பும் அடுப்பில் போட்டு வீடு முழுக்க இருமினோம். இருமி முடித்ததும் நான் போய்ப் படுத்துக்கொண்டேன்.

அப்பாவுக்குத் தேரடியில் பாத்திரக்கடை. விலை பேசுவதைத் தவிர வேறு எதையும் நீட்டிப் பேசத் தெரியாதவர். கடைக்குக் கிளம்பும்போது என் கட்டிலருகே வந்து நிற்பார், "இன்னாடா?" என்பார். நான் கூரையையே பார்த்துக்கொண்டிருப்பேன். "சரி" என்று போய்விடுவார். அந்த "சரி"யில் எவ்வளவு பயம் இருந்தது என்று பிறகு, எனக்கென்று ஒரு பிள்ளை பிறந்து அதற்குக் காய்ச்சல் வந்தபோதுதான் புரிந்தது.

என்னை வேலூருக்குக் கூட்டிப்போனது அக்கா. எனக்குப் பத்து வயது மூத்தவள். கீழ்பென்னாத்தூரில் கட்டிக்கொடுத்திருந்தது. மாமாவுக்கு அங்கே மல்லாட்டை மண்டி. வேர்க்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். அக்காவுக்குக் கோபம் வந்தால் மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள்கூட இரண்டு அடி தள்ளி நிற்பார்கள் என்று மாமா பெருமையாகச் சொல்வார். ஒருநாள் வந்தாள், என்னைப் பார்த்தாள், கயிற்றைப் பார்த்தாள், "ஒடம்புக்கு வந்தா டாக்டர், மனசுக்கு வந்தா மொளகாயா?" என்று அம்மாவைக் கேட்டாள். வேலூரில் மனநோய்க்குப் பார்க்கிற ஒரு டாக்டரைப் பற்றி மண்டிக்கு வந்துபோகிற யாரோ மாமாவிடம் சொல்லியிருந்தார்கள். பைத்தியக்கார டாக்டரிடம் காட்டினால் நாளைக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று அம்மா அழுதாள். "பொண்ணு நான் பாக்கறேன், நீ பையனைக் கெளப்பு" என்றாள் அக்கா.

டாக்டர் நடுவயதுக்காரர், மெதுவாகப் பேசினார். என்னிடம் நிறையக் கேட்டார், நான் கொஞ்சம் சொன்னேன். பிறகு அப்பாவையும் அக்காவையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார். "இது ஒரு நோய். சரியாகும். மாத்திரை எழுதறேன், வேலை செய்ய சில வாரம் ஆகும். மொதல்ல உடம்புக்குத் தெம்பு வரும். மனசு லேட்டாதான் தெளியும். நடுவுல இருக்கற நேரந்தான் ரொம்ப ஜாக்கிரதையா பாத்துக்கணும். சின்ன வயசு வேற. மாத்திரையை இவர் கையில குடுக்காதீங்க, பெரியவங்க யாராவது வெச்சிருந்து வேளைக்கு எடுத்துக் குடுங்க. ஆள் திடீர்னு மாறின மாதிரி தெரிஞ்சா, எந்த மாதிரியா இருந்தாலும், உடனே கூட்டிட்டு வாங்க. நீங்களா நிறுத்திடாதீங்க."

அக்கா முழுக்கக் கேட்டாள். அப்பா "தெம்பு வரும்" வரைக்கும் கேட்டார். அதற்குமேல் அவருக்கு வேறு எதுவும் தேவைப்படவில்லை. அவரைக் குறை சொல்லமாட்டேன். மாசக்கணக்கில் மகன் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தால் எந்தத் தகப்பனுக்கும் அந்த ஒரு வார்த்தைதான் காதில் விழும்.

அக்கா ஊருக்குப் போனதும் மாத்திரை என் சட்டைப்பைக்கு வந்துவிட்டது. அட்டையில் பெயர் இங்கிலீஷில் இருந்தது. வீட்டில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். "படிச்ச புள்ள, நீயே பாத்து முழுங்கு, நாங்க மாத்திக் கீத்தி குடுத்துடப் போறோம்" என்று அப்பாதான் கொடுத்தார். மரியாதையாகத்தான் கொடுத்தார்.

சில நாள் ஒன்றும் தெரியவில்லை. வாய் உலர்ந்தது, பகலில் தூக்கம் தூக்கமாக வந்தது. பிறகு ஒரு காலை, அம்மா காபி எடுத்து வருவதற்கு முன்னாலேயே எழுந்து உட்கார்ந்திருந்தேன். அம்மா தம்ளரைக் கீழே வைத்துவிட்டு சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டாள். அன்றைக்கு நான் குளித்தேன். மறுநாள் வாசலுக்கு வந்தேன். அதற்கப்புறம் உட்காரவே முடியவில்லை. காலுக்குள் ஏதோ ஓடிக்கொண்டே இருந்தது, நின்றால் நடக்கச் சொல்லும், நடந்தால் இன்னும் வேகமாக நடக்கச் சொல்லும். வீட்டுக்குள் எத்தனை தரம்தான் நடப்பது? வேட்டியைக் கட்டிக்கொண்டு மலையைச் சுற்றப் போய்விட்டேன். எங்கள் ஊரில் காலுக்கு வேலை கொடுக்க வேண்டுமானால் வேறு வழி யோசிக்க வேண்டாம்.

அந்தக் காலத்தில் சாதாரண நாளில் மலை சுற்றும் பாதையில் ஆளே இருக்காது. பௌர்ணமிக்குக்கூட இப்போது மாதிரி நெரிசல் கிடையாது. புளியமரமும் வெயிலும், தூரத்தில் ஏர் ஓட்டுகிறவன் குரலும்தான். காலையில் சுற்றுவேன். வீட்டுக்கு வந்து கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு மறுபடி கிளம்பிவிடுவேன். முகச்சவரம் பண்ண அலுப்பு, தாடி வளர்ந்தது. சட்டை போட்டால் உடம்பு எரிகிற மாதிரி இருந்தது, துண்டைப் போட்டுக்கொண்டேன். யாராவது கூப்பிட்டால் நின்று பேச முடியவில்லை, "ம்" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தேன். ஒரு சாமியாருக்கு இதற்குமேல் என்ன லட்சணம் வேண்டும்?

மலை சுற்றும் வழியில், அடி அண்ணாமலையில் டீக்கடை வைத்திருந்த அம்மாள்தான் ஆரம்பித்துவைத்தாள் என்று நினைக்கிறேன். தினமும் பார்த்துப் பார்த்து, ஒருநாள் வழிமறித்து மோர் கொடுத்தாள். குடித்தேன். "சாமி, பொண்ணுக்கு எடம் தெகைய மாட்டேங்குது, எப்ப கூடி வரும்?" என்று கேட்டாள். நான் "ம்" என்றேன். அந்த மாதமே பெண்ணுக்கு நிச்சயம் ஆகிவிட்டது. வரன் ஏற்கெனவே பேச்சில் இருந்ததாம், அதை யார் கணக்கில் எடுத்துக்கொண்டார்கள்? அந்த "ம்" தேரடி வரைக்கும் வந்துவிட்டது.

சிரிப்பு இதோடு நிற்கட்டும். உள்ளே நடந்தது வேறு. படுத்துக் கிடந்த மாதங்களிலும் செத்துப்போனால் தேவலை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் அதற்கும் எழுந்திருக்க வேண்டுமே, அதுகூட முடியாமல் கிடந்தேன். மாத்திரை என் உடம்பை எழுப்பிவிட்டது. நினைப்பை இன்னும் தொடவில்லை. டாக்டர் சொன்ன நடுநேரம் அதுதான், எனக்கு அப்போது அது தெரியாது. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? இப்போதுதான் எனக்குப் புத்தி தெளிவாக வேலை செய்கிறது, அதனால் இந்த முடிவு சரியான முடிவு என்று நினைத்தேன். நோய் எவ்வளவு சாமர்த்தியமாகப் பொய் சொல்லும் பாருங்கள், என் குரலிலேயே சொல்லும். நான் போய்விட்டால் வீட்டுக்கு ஒரு சுமை குறையும் என்று நிஜமாகவே நம்பினேன். முடிவு பண்ணியதும் ஒரு அமைதி வந்தது. முகத்தில் அது தெரிந்திருக்க வேண்டும். தெரு அதைத் தேஜஸ் என்றது.

பிறகு என் சாமான்களைக் கொடுக்க ஆரம்பித்தேன். கைக்கடிகாரத்தை வகுப்பு நண்பனிடம் கொடுத்தேன். டிரான்சிஸ்டர் மாடிவீட்டுக்காரருக்குப் போனது. சைக்கிள், பூக்கட்டுகிற அம்மாள் வீட்டுக்கு. நல்ல சட்டை, பேண்ட் எல்லாம் கேட்டவருக்கு. ஒவ்வொருத்தரும் முதலில் வேண்டாம் என்றார்கள், பிறகு கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கினார்கள். வேறு ஊராக இருந்தால் யாராவது ஒருத்தர் "ஏம்ப்பா, எதுக்கு எல்லாத்தையும் குடுக்கற?" என்று கேட்டிருப்பார். எங்கள் ஊரில் கேட்கமாட்டார்கள். இருபது வயதுப் பையன் இருக்கிறதையெல்லாம் கொடுத்துவிட்டு எனக்கு ஒன்றும் வேண்டாம் என்றால் அதற்கு இங்கே ஒரே அர்த்தம்தான். மலை கூப்பிட்டுவிட்டது. இதே மாதிரி எல்லாவற்றையும் விட்டுவிட்டு எங்கெங்கிருந்தோ வந்து இங்கே உட்கார்ந்தவர்களைப் பார்த்துப் பார்த்துப் பழகிய ஜனம். அவர்கள் கண்ணுக்கு நானும் அப்படித்தான் தெரிந்தேன்.

அம்மாவின் நிலைமைதான் பாவம். மகன் குடும்பத்துக்கு ஆகாமல் போகிறானே என்று ஒரு கண்ணில் அழுகை. கோயிலுக்குப் போனால் "உங்க வயித்துல பொறக்க குடுத்து வெச்சிருக்கணும்" என்று பெண்கள் சூழ்ந்துகொள்கிறார்களே என்று இன்னொரு கண்ணில் பெருமை. எனக்குத் தனித் தட்டு வைத்தாள். "ஒனக்கு இன்னா வேணுமோ அத செய்யி, நாங்க குறுக்க நிக்கல" என்று ஒருநாள் சொன்னாள். அவள் சொன்னது சந்நியாசத்துக்கு. நான் எடுத்துக்கொண்டது வேறு. அப்பா மட்டும் தினமும் நான் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போனார். "எழுந்து நடமாடறான் இல்ல, அது போதும்" என்று அவர் மாடிவீட்டுக்காரரிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

அக்காவுக்குச் செய்தி கீழ்பென்னாத்தூர் பஸ் நிலையத்தில் கிடைத்தது. திருவண்ணாமலையிலிருந்து வந்து இறங்கிய ஒரு பெண்மணி, "உன் தம்பி சாமியாரா ஆயிட்டாராமே, கட்டியிருந்த கடியாரத்தக்கூட கயட்டிக் குடுத்துட்டாராம், எப்பேர்ப்பட்ட மனசு!" என்று கையைப் பிடித்துக்கொண்டு சொல்லியிருக்கிறாள். அக்கா வந்தது வேறு ஏதோ ஊருக்குப் போக. அந்தப் பெண்மணி இறங்கிய பஸ் திருவண்ணாமலைக்கே திரும்புகிற பஸ், அதிலேயே ஏறிவிட்டாள்.

நான் மலை சுற்றிவிட்டு வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். மத்தியானச் சாப்பாட்டு நேரம். எதிரே இரண்டு பெண்கள் எலுமிச்சம்பழமும் வெற்றிலையும் தட்டில் வைத்துக்கொண்டு, நான் வாய் திறப்பேன் என்று காத்திருந்தார்கள். அம்மா பக்கத்தில் நின்றாள். அப்பா சாப்பிட வந்திருந்தார். அக்கா உள்ளே வந்தாள், தோள்பையைக்கூட இறக்கவில்லை. என் தாடியைப் பார்த்தாள். வெறும் மணிக்கட்டைப் பார்த்தாள். அந்தப் பெண்களிடம், "இன்னிக்கி சாமிக்கு லீவு. கெளம்புங்க" என்றாள். அவர்கள் தட்டை எடுத்துக்கொண்டு போனதும் கதவைச் சாத்தினாள்.

"இன்னாடி இது, வந்தவங்கள..." என்று அம்மா ஆரம்பித்தாள்.

"அம்மா, நானும் இந்த ஊர்லதான் பொறந்தேன்" என்றாள் அக்கா. "எத்தினியோ சாமியாரப் பாத்திருக்கேன். எல்லாரும் வாங்கிதான் பாத்திருக்கேன். எவன் வாட்ச் குடுத்தான்?"

என் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். முகம் சிவந்திருந்தது. கோபம் என்று நினைத்தேன். குரல் வந்தபோதுதான் கோபம் இல்லை என்று தெரிந்தது.

"டேய். என்னப் பாத்து சொல்லு. சாகணும்னு நெனைக்கிறியா?"

அம்மா பதறிப்போனாள். "ஐயோ, வாயக் கழுவுடி! நல்ல நாளும் அதுவுமா, அந்தப் பேச்ச வீட்ல பேசலாமா? நீயே அடி எடுத்துக் குடுப்ப போலிருக்கே!" எங்கள் வீட்டில் அந்த வார்த்தையைச் சொல்லமாட்டோம். பக்கத்துவீட்டில் ஒருவர் இறந்துபோனால்கூட "தவறிட்டாரு" என்றுதான் அம்மா சொல்வாள், அதுவும் குரலை இறக்கி. அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"ஆமாக்கா" என்றேன்.

அவ்வளவுதான். இத்தனை வாரமாக நான் தூக்கிக்கொண்டு மலையைச் சுற்றியது இந்த ஒரு வார்த்தையைத்தான். யாரும் கேட்கவில்லை, அதனால் நானும் சொல்லவில்லை. சொன்னதும் எனக்கு அழுகை வந்தது. படுக்கையில் கிடந்த மாதங்களில் ஒரு சொட்டு வரவில்லை, இப்போது மூக்கு ஒழுக, சத்தம் போட்டு, சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன். அக்கா என் தலையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். "சொன்னியே, போதும். இனிமே நீ தனியா இல்ல" என்றாள். அப்படி ஒரு ஆறுதல் அதற்கு முன்னாலும் பின்னாலும் எனக்குக் கிடைத்ததில்லை.

அப்பா நின்ற இடத்திலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கொஞ்சம் கழித்து, "எல்லாம் அந்த மாத்திரையாலதான். தூக்கிப் போடு" என்றார். மாத்திரை எங்கே என்று அக்கா கேட்டு, ஆணியில் தொங்கிய சட்டையிலிருந்து மாத்திரை மொத்தத்தையும் எடுத்துத் தன் பைக்குள் போட்டாள். "தூக்கிப் போடக்கூடாதுப்பா. நாமளா நிறுத்தக்கூடாதுனு டாக்டர் சொன்னாரு. மாறின மாதிரி தெரிஞ்சா கூட்டிகினு வரச் சொன்னாரு. மாறிட்டான். கூட்டிகினு போறோம். கெளம்பு." அப்பா மத்தியானம் கடையைத் திறக்காமல் சாவியை மாடிவீட்டுக்காரரிடம் கொடுத்தார்.

அன்றைக்கே வேலூர் பஸ். அம்மாவும் வருவேன் என்று ஒரே பிடியாக வந்தாள். கூட்டம் நெரிந்தது. கண்டக்டர் என் தாடியையும் துண்டையும் பார்த்து, "சாமிக்கு எடம் குடுங்கப்பா" என்று முன்சீட்டில் மூவரை எழுப்பிவிட்டார். நான் நடுவில், ஒரு பக்கம் அக்கா, ஒரு பக்கம் அம்மா. அப்பா பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அக்கா வழியெல்லாம் என் மணிக்கட்டை விடவில்லை. போளூர் தாண்டியதும் அம்மா முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக்கூடாதா?" என்று கேட்டாள். சொல்லியிருந்தால் வாயைக் கழுவச் சொல்லியிருப்பாயே என்று நான் சொல்லவில்லை. அவளுக்கே தெரிந்திருந்தது என்று நினைக்கிறேன். அதற்கப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டு வந்தாள்.

சாயங்காலம் டாக்டர் பார்த்தார். அவரும் சுற்றி வளைக்காமல் அதே கேள்வியைத்தான் கேட்டார். எப்போதிலிருந்து, எவ்வளவு, ஏதாவது திட்டம் உண்டா என்று எல்லாவற்றையும், வயிற்றுவலி எந்தப் பக்கம் என்று கேட்கிற மாதிரி அமைதியாகக் கேட்டார். நானும் சொன்னேன். இரண்டாம் தரம் சொல்வது இன்னும் சுலபமாக இருந்தது. காலுக்குள் ஓடுகிற அந்தப் பரபரப்பைச் சொன்னபோதுதான் அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அது மாத்திரை சிலருக்குச் செய்கிற வேலைதான், அதைக் கவனிக்காமல் விடக்கூடாது என்றார். வழியெல்லாம் அழுதுகொண்டு வந்த அம்மா திடீரென்று கேட்டாள். "அந்த மாதிரி கேட்டா, இல்லாத நெனப்ப நாமளே உண்டாக்கற மாதிரி ஆவாதுங்களா டாக்டர்?"

"ஆகாதும்மா" என்றார் அவர். "கேக்கறதால யாருக்கும் புதுசா தோணாது. ஏற்கெனவே தோணினது வெளிய வரும். உங்க பொண்ணு கேட்டதுதான் சரி."

மாத்திரையை மாற்றி, மெதுவாக ஏற்றும்படி எழுதினார். ஒரு வாரத்துக்கு வேண்டியது மட்டும்தான், அதுவும் அக்கா கையில். வாராவாரம் வந்து காட்ட வேண்டும். கொஞ்ச காலத்துக்கு என்னைத் தனியாக விடக்கூடாது, மலை சுற்றுவதானாலும் கூட ஆள் வேண்டும். முதலில் சில நாள் ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்க்கலாம் என்றார், அப்படியே வைத்துப் பார்த்தார். அம்மா கூடவே இருந்தாள். வார்டில் என்னைவிடச் சின்னப் பையன் ஒருவனுக்கும் இதே நோய் இருந்தது. எனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தேன், அதுவும் ஒரு நிம்மதிதான்.

அங்கிருந்து அக்கா என்னை நேராகக் கீழ்பென்னாத்தூருக்குக் கூட்டிப் போய்விட்டாள். திருவண்ணாமலைக்குப் போனால் எலுமிச்சம்பழத்தோடு வந்துவிடுவார்கள் என்று பயம். முதல் வேலையாக மாமா நாவிதரை வரவழைத்தார். தாடி கீழே விழ விழ அக்காவின் பிள்ளைகள் சிரித்தார்கள். மாமா அதிகம் பேசாதவர். மண்டி முற்றத்தில் மல்லாட்டை காயப்போட்டிருந்தால் என்னையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வார். கையால் துழாவிவிட்டு, "ஈரம் ஜாஸ்தியா கம்மியா?" என்று கேட்பார். நான் ஏதாவது சொல்வேன். அவருக்கு என் பதில் தேவையே இல்லை என்பது எனக்குத் தெரியும், ஆனாலும் தினமும் கேட்டார்.

அக்கா ஒவ்வொரு நாள் காலையும் காபியோடு அந்தக் கேள்வியையும் கொண்டுவந்தாள். "இன்னிக்கி எப்படிடா? சாகணும்னு இருக்கா?" ரேஷன் கடையில் சர்க்கரை போட்டார்களா என்று கேட்கிற அதே குரல். ஆரம்பத்தில் "இருக்குக்கா" என்பேன். "ஜாஸ்தியா கம்மியா?" என்பாள், மாமாவிடம் பழகிக்கொண்டது. ஜாஸ்தி என்றால் அன்றைக்குச் சமையலை விட்டுவிட்டு என்னோடேயே உட்கார்ந்திருப்பாள். கம்மி என்றால், "சரி, இட்லி ஆறுது, சாப்பிடு." பிறகு கம்மி, கம்மி என்று வந்துகொண்டிருந்தது. இடையில் ஒரு வாரம் மறுபடி ஜாஸ்தி ஆனது, பயந்துபோனோம், டாக்டர் அப்படித்தான் ஏறி இறங்கும் என்றார். ஒரு காலை, கேள்வி வந்தபோது நான் உள்ளே தேடிப் பார்த்தேன், அகப்படவில்லை. "இல்லக்கா, தோணல" என்றேன். அக்கா தம்ளரை என் கையில் கொடுத்தாள், சரியென்று தலையாட்டினாள், உள்ளே போனாள். வெகுநேரம் வெளியே வரவில்லை. போய்ப் பார்த்தால் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். இத்தனை நாளும் ஒரு சொட்டு விடாதவள். மாமா அவள் பக்கத்தில் சும்மா நின்றுகொண்டிருந்தார்.

மாத்திரை தொடர்ந்தது. அதைப் போட்டதால்தான் நான் இன்று இருக்கிறேன் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதைப் போட ஆரம்பித்த வாரங்களில்தான் போகப் பார்த்தேன் என்பதும் நிஜம். இரண்டையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும், ஒன்றை மட்டும் சொன்னால் யாராவது மருந்தே வேண்டாம் என்றுவிடுவார்கள், இல்லை கொடுத்துவிட்டுக் கடைக்குப் போய்விடுவார்கள். இப்போதெல்லாம் சின்ன வயதுக்காரர்களுக்கு இந்த மாதிரி மருந்து தொடங்கினால் முதல் சில வாரங்கள் பக்கத்திலிருந்து கவனிக்கச் சொல்லி எச்சரிக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். கேட்கும்போதெல்லாம் அந்த டாக்டரை நினைத்துக்கொள்வேன். நல்லபடியாக இருந்த பிறகும் டாக்டர் அவசரப்படவில்லை. வெகுநாள் கழித்துத்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து நிறுத்தினார்.

வீட்டுக்குத் திரும்பினேன். கல்லூரியை முடித்தேன். சாமியார் வேலை போனதில் தெருவுக்கு வருத்தம்தான். டீக்கடை அம்மாளுக்கு இரண்டாவது பெண் வேறு இருந்தாள். அப்பாவோடு கடையில் உட்கார ஆரம்பித்தேன்.

ஒரு கோடைகாலப் பகல். பின்கட்டுப் படியில் சும்மா உட்கார்ந்திருந்தேன். ரொம்ப நேரமாக உட்கார்ந்திருந்தேன் போலிருக்கிறது. அம்மா சமையலறையிலிருந்து பார்த்திருக்கிறாள். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்தாள். எனக்கு எதிரே நின்றாள், திரும்பிப் போனாள், மறுபடி வந்தாள். பிறகு கண்ணை இறுக்க மூடிக்கொண்டு கேட்டாள்.

"சாவணும்னு தோணுதாப்பா?"

அம்மா வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. "இல்லம்மா. உள்ள புழுக்கமா இருக்கு, அதான் இங்க உக்காந்திருக்கேன்" என்றேன்.

"நெசமாவா?"

"நெசமாம்மா."

"தோணிச்சினா எங்கிட்ட சொல்லுவியா? நான் கத்தமாட்டேன்."

"சொல்றேம்மா."

அதற்கப்புறம் அவள் அந்தக் கேள்வியை விடவே இல்லை. கல்யாணம் ஆனபின்பும், பிள்ளை பிறந்தபின்பும், என் முகம் கொஞ்சம் வாடினால் தனியாக இழுத்துக்கொண்டு போய்க் கேட்பாள். ஒவ்வொரு தடவையும் இல்லை என்றுதான் சொன்னேன், அது உண்மையும்கூட. எண்பதுகள் முடிகிற சமயத்தில், மறுபடி தூக்கம் போய், சோறு பிடிக்காமல் போன ஒரு காலையில் கேட்டாள். "ஆமாம்மா" என்றேன்.

அம்மா கத்தவில்லை. அடுப்பை அணைத்தாள். புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். "வா, வேலூருக்குப் பஸ் இருக்கு" என்றாள்.